கைதட்டும் முன் ஒரு சொட்டு ரத்தம்

2011 ஜனவரி 14 இரவு, இடுக்கி மாவட்டம் புல்மேட்டில் நெரிசலில் சிக்கி நூறு பேருக்கு மேல் செத்தார்கள். சபரிமலையை அடுத்த பொன்னம்பலமேட்டில் தெரியும் மகரவிளக்கு என்ற வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம் அது. இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். அந்த வெளிச்சம் தானாகத் தோன்றுகிறதா, ஆள் ஏற்றுகிறாரா என்று கேரள உயர்நீதிமன்றம் கேட்டது; மனிதர்கள்தான் ஏற்றுகிறார்கள் என்று திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பகுத்தறிவாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அவர்களுக்கு நாத்திகர் என்ற பட்டம் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

மலைமேல் வெளிச்சம் தெரிந்தால் ஏற்றியது யார் என்று கேட்கும் நம்மவர்களே, மலைமேல் ஒரு மனிதன் நம்ப முடியாத வேகத்தில் ஏறினால் வாயடைத்துப் போகிறார்கள். கேட்டால் பொறாமை என்பார்கள். நம் நாட்டு வீரர் என்றால் தேசத்துரோகம் என்பார்கள்.

2024 ஜூலை 14. பிரான்ஸ் நாட்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். பைரனீஸ் மலையில் பிளாத்தோ த பெய் என்ற ஏற்றம், 15.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7.9 சதவீதம். ஸ்லோவேனியாவின் ததேய் போகாச்சர் அதை 40 நிமிடத்துக்குள் ஏறி முடித்தார். அதே மலையில் 1998-ல் இத்தாலியின் மார்க்கோ பந்தானி எடுத்த நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் குறைவு. 1998-ஆம் ஆண்டு எப்படிப்பட்டது? ஃபெஸ்டினா அணியின் கார் நிறைய ஊக்கமருந்தோடு பிடிபட்ட ஆண்டு அது. பந்தானியின் அந்த ஆண்டு மாதிரிகளில், சிவப்பணுவைக் கூட்டும் ஈபிஓ என்ற மருந்து இருந்ததை 2013-ல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. மருந்து ஏற்றிக்கொண்டவனை மருந்து ஏற்றாதவன் மூன்று நிமிடம் முந்துகிறான் என்றால், எப்படி என்று கேட்பது குற்றமா? போகாச்சர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

சந்தேகம் ஏன் எப்போதும் மலையேற்றத்தில் வந்து நிற்கிறது? சமவெளியில் ஐம்பது பேர் கூட்டத்துக்குள் ஒளிந்து, முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிப் போகலாம். ஏற்றத்தில் அந்த ஒளிவு குறைவு. போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்தில் தொடங்கி இடுக்கியின் வாசலில் முடிகிறது, ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம். 65 கிலோ ஆள், 8 கிலோ சைக்கிள். இந்த 73 கிலோவை ஒரு மணி நேரத்தில் மேலே கொண்டுபோக, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் சுமார் 200 வாட் வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான் இது. உடல் எடையில் கிலோவுக்கு 3 வாட் வருகிறது. காற்றையும் டயர் உராய்வையும் சேர்த்து இதே கணக்கைப் போட்டவர்கள், போகாச்சர் 40 நிமிடமும் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 7 வாட் கொடுத்தார் என்று மதிப்பிட்டார்கள்.

பயமுறுத்தும் எண்தான். ஆனால் அது மதிப்பீடு. தென்மேற்குப் பருவத்தில் வாளையாறிலிருந்து கோவைப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்ன செய்யும் என்று தெரியும். போகும்போது நாம்தான் சாம்பியன், திரும்பும்போது நாம்தான் நோயாளி. காற்றின் திசை, வீரரின் அன்றைய எடை, முன்னால் இழுத்துவிட்ட சக வீரர் என்று எது மாறினாலும் அந்த 7 நகரும். நேர்மையான காரணங்களும் இருக்கின்றன. டயரும் சாலையும் மாறிவிட்டன. மணிக்கு 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்தைக் குடலுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வீரர்கள் பட்டினியோடு ஏறினார்கள் என்றே சொல்லலாம்.

ஆக இரண்டு கூட்டம். ஒன்று, ‘அவர் பிறவி மேதை, வாயை மூடு’ என்கிறது. மற்றொன்று, ‘இவ்வளவு வேகமா, கட்டாயம் ஊசிதான்’ என்கிறது. 2015-ல் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் டூர் டி பிரான்ஸ் வீரர் கிறிஸ் ஃப்ரூம் மீது சிறுநீரை வீசினார். பக்தனும் பழிப்பவனும் எதிரிகளைப் போலத் தோன்றுவார்கள். இருவரும் ஒரே வேலையைத் தவிர்க்கிறவர்கள்: சோதிக்கும் வேலையை.

பகுத்தறிவாளர் ஏ.டி.கோவூர் இந்த இடத்தில்தான் நமக்கு வேண்டும். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பாடம் சொல்லி, கொழும்பில் 1978-ல் இறந்தவர். அற்புதம் செய்பவர்களுக்கு 1963-ல் அவர் விட்ட சவால் ஒரு லட்சம் ரூபாய். நீ மோசடிக்காரன் என்று அவர் தொடங்கவில்லை. ஏமாற்ற வழியில்லாத நிலைமையில் செய்து காட்டு, பணத்தை எடுத்துக்கொள் என்றார். நிலைமையைத் தீர்மானிப்பது அற்புதம் செய்கிறவன் கையில் இருக்கக் கூடாது என்பதுதான் அந்தச் சவாலின் உயிர். பணம் கடைசிவரை அவரிடமே இருந்தது.

நிலைமை எதிராளியின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் போதும். டூர் டி பிரான்ஸில் 1999 முதல் 2005 வரை ஏழு வெற்றி. நூற்றுக்கணக்கான சோதனைகளில் தேறியவன் நான் என்பதே அவருடைய வாதம். 1999-லேயே அவர் மாதிரியில் ஸ்டீராய்டு தெரிந்தது. முன்தேதி போட்ட மருந்துச் சீட்டு ஒன்று அதை மூடியது. நம் ஊரில் விடுப்புக்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்குவது மாதிரி! 2012-ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை சாட்சிகளை அடுக்கிய பிறகுதான் பட்டங்கள் போயின. சோதனையில் தேறினார் என்ற வாக்கியத்துக்கு, எத்தனை முறை, எப்போது, யார் எடுத்தது என்ற பின்பாதி இல்லாவிட்டால் மதிப்பில்லை.

இனி நம் வாசலுக்கு வருவோம்.

இடுக்கியும் பாலக்காடும் ஓட்டக்காரர்களை விளைவிக்கும் மண். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் இடுக்கிக்காரர். ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் தங்கம் வென்ற பி.யு.சித்ரா பாலக்காட்டு முண்டூர்க்காரர். இவர்கள்மீது எந்தக் கறையும் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்களைப் பாருங்கள். அதே குவாங்சோவில் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நால்வரில் மூவர், 2011-ல் அனபாலிக் ஸ்டீராய்டுக்காகச் சிக்கினார்கள். சீனாவில் வாங்கிய ஜின்செங்தான் காரணம் என்றார்கள். உக்ரைன் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தியா கொடுத்த ஓராண்டுத் தடையைச் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டாக்கியது. 2019 தோஹா ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் சித்ரா தங்கம் வென்றபோது, 800 மீட்டரில் தங்கம் வென்றவர் திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து. வறுமை, தந்தை மறைவு, வயல்வரப்பு என்று நாம் உருகி உருகி எழுதினோம். மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு. நான்கு ஆண்டுத் தடை, பதக்கம் பறிப்பு.

இங்கே ஒரு கசப்பைச் சொல்ல வேண்டும். ஏழை வீட்டுப் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று நாம் நம்பினோமே, அது இரக்கம் போலத் தோன்றும் மூடநம்பிக்கை. வறுமை ஒழுக்கச் சான்றிதழ் ஆகாது. குற்றத்துக்கான சான்றும் ஆகாது. அன்று தோஹா மேடையில் இரண்டாம் படியில் நின்று நம் தேசிய கீதத்தைக் கேட்டவர் சீனாவின் வாங் சுன்யு. நம் கண்ணீரில் அவருக்குப் பங்கு இருந்ததா?

இன்னொன்று. கோமதியின் மார்ச் மாதப் பாட்டியாலா மாதிரியிலேயே மருந்து இருந்தது. முடிவு முன்பே வந்திருந்தால் ஏப்ரலில் தோஹாவுக்கே அனுப்பியிருக்க மாட்டோம் என்று தடகளச் சம்மேளனம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், தரம் போதவில்லை என்று டில்லி ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிறுத்திவைத்தது. பெண்ணின் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். ஊசி கொடுத்தவர் பெயர் யாருக்காவது தெரியுமா?

சோதனை என்றதும், பாலினச் சோதனைக்கு ஆளான ஓட்டக்காரர் சாந்தி சௌந்தரராஜன் நினைவு வந்து கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபம் நியாயம். 2006-ல் அவரிடம் கேட்டது நீ என்ன செய்தாய் என்று அல்ல, நீ யார் என்று. அந்தக் கேள்வியே அநீதி. ஊக்கமருந்துச் சோதனை உடலின் பிறப்பை விசாரிக்கக் கூடாது, செயலை மட்டுமே விசாரிக்க வேண்டும்.

அறிவுள்ளவர் ஒருவர் எதிர்க்கேள்வி போடலாம். மூணாறில் உயரமலைப் பயிற்சி மையம் இருக்கிறது. போதிய உயரத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தால் சிறுநீரகம் தானே ஈபிஓ சுரந்து சிவப்பணுவைக் கூட்டும். மலை கொடுத்தால் சரி, ஊசி கொடுத்தால் தப்பா? நல்ல கேள்வி. இயற்கை புனிதம் என்று பதில் சொன்னால் நாமும் பூசாரியாகிவிடுவோம். மலை கொடுப்பதற்கு உடல் ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஊசிக்கு எல்லை கிடையாது. ரத்தம் கெட்டியாகி இதயம் திணறும்வரை ஏற்றலாம். அதைவிடப் பெரிய காரணம், ஒருத்தி ஏற்றினால் பக்கத்துப் பாதையில் ஓடுகிறவளும் ஏற்றியாக வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலைக்குக் காத்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தத் தேர்வைக் கொடுப்பதுதான் அயோக்கியத்தனம்.

உலக முகமையின் 2023 கணக்கில் இந்தியா கொடுத்த 5606 மாதிரிகளில் 213-ல் மருந்து, அதாவது 3.8 சதவீதம். அதிகம் சோதிக்கும் நாடுகளில் நாமே முதலிடம். அந்த ஆண்டு செப்டம்பரில் டில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்தார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒருவர்தான் வந்து ஓடினார்.

கோவூர் தன் கைப்பணத்தை வைத்துச் சவால் விட்டார். நம் அரசுகள் பொதுப் பணத்தை வைத்துப் பாராட்டு விழா நடத்துகின்றன. கேரள, தமிழ்நாட்டு விளையாட்டுத் துறைகளுக்கு ஒரு கோரிக்கை. பரிசு அறிவிக்கும் அன்றே, அந்த வீரரிடம் போட்டி இல்லாத நாட்களில் கடந்த ஓராண்டில் எத்தனை முறை மாதிரி எடுக்கப்பட்டது என்ற எண்ணையும் அறிவியுங்கள். மாதிரிகளைப் பத்தாண்டு வைத்திருந்து மறுபடி சோதிக்க விதி இருக்கிறது. பரிசில் ஒரு பகுதியையும் அதுவரை வைப்புநிதியில் வையுங்கள். வீரர் சிக்கினால் பயிற்சியாளரின் பரிசும் திரும்பி வரட்டும். சுத்தமாக ஓடுகிற எந்தப் பெண்ணும் இதற்கு மறுப்புச் சொல்லப் போவதில்லை. மறுப்பு யாரிடமிருந்து வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.