நெற்றி சுடாத காய்ச்சல்

பழனி அடிவாரத்தில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்குக் குறைவே இல்லை. அவற்றுள் எப்போதாவது ஒரு தலை நம்மை நிறுத்திவிடும். காதுக்கு மேல் தொடங்கி நெற்றிவரை வளைந்து வரும் தையல் தழும்பு. அவருக்கு முதல் மொட்டை ஆபரேஷன் தியேட்டரிலேயே நடந்துவிட்டது. "கட்டிய எடுத்துட்டாங்க, இனி பயமில்லீங்க" என்று கூட வந்தவர்கள் சொல்லும்போது அந்த நிம்மதியைக் கலைக்க மனம் வராது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

மூளையில் வரும் கட்டி மூளையோடு நிற்பதில்லை. க்ளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டி உள்ளவர்களுக்கு, சிகிச்சை தொடங்கும் முன்பே ரத்தத்தில் டி-அணுக்கள் குறைந்திருப்பதுண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் முக்கியமானவை இவை. எங்கே போயின? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் கண்டுபிடித்தார்கள். எலும்பு மஜ்ஜைக்குள் அடைபட்டுக் கிடந்தன. வெளியேற உதவும் எஸ்1பி1 என்ற ஏற்பி அவற்றின் மேற்பரப்பிலிருந்து மறைந்திருந்தது. தைப்பூசத்தன்று கயிறு கட்டி நிறுத்திய கூட்டம்போல, ஆள் இருந்தும் மேலே போக வழியில்லை. எலிகளில் அதே புற்றணுக்களை உடம்பின் வேறு இடத்தில் வளர்த்தபோது இப்படி நடக்கவில்லை. மூளைக்குள் வளர்ந்தால்தான் நடந்தது. படித்த நாளிலிருந்து இது என் மனதை விட்டு அகலவில்லை.

மருந்தும் தன் பங்குக்கு நோய் எதிர்ப்பைக் குறைக்கிறது. மூளை வீக்கம் வடியக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் தலைவலியைத் தணிக்கும், பசியைக் கிளப்பும். கூடவே சர்க்கரையை ஏற்றும், காய்ச்சலையும் மறைக்கும். நெஞ்சில் சளி முற்றியிருந்தாலும் நெற்றி சுடாமல் இருக்கலாம். நம் வீடுகளில் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "சூடு இல்ல, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவோம். இவர்கள் விஷயத்தில் அந்தக் கையை நம்பக் கூடாது. புதிதாக இருமல், மூச்சு வாங்கல், நாக்கில் வெள்ளைப் படலம், தழும்பில் கசிவு, பேச்சில் தடுமாற்றம் என எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். பயந்துபோய் டெக்ஸாவை நாமாக நிறுத்துவதும் ஆபத்து. அதைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

எதிர்ப்பு இப்படிக் குறைந்திருப்பதால், தையல் காயம் ஆறி டாக்டர் சரி என்று சொல்லும்வரை தலையில் கத்தி படவேண்டாம். வேண்டுதல் உறுத்தினால், கத்தரியால் பூமுடி எடுத்துக் கொடுங்கள். அதுவும் காணிக்கைதான்.