பாட்டிலுக்குள் நாற்காலி

2010-இல் அமெரிக்காவின் எமெகோ நிறுவனம் கோக-கோலாவுடன் சேர்ந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தது. குடித்து எறிந்த 111 பிளாஸ்டிக் பாட்டில்கள் அதில் கரைந்திருக்கின்றன. பெயரே '111 நேவி'. வடிவம் மட்டும் பழசு: 1944-இல் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்த அலுமினிய நாற்காலி.

இந்த நாற்காலி முன்பே பாட்டிலுக்குள் இருந்ததா?

இருந்தது என்பார் சைவ சித்தாந்தி. இல்லாதது தோன்றாது என்பது அவருடைய சற்காரியவாதம். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம். இங்கே பாட்டில், அச்சு, வடிவமைப்பாளர். கணக்கு சந்தேகம் வரும் அளவுக்கு அழகாகப் பொருந்துகிறது! உறுதிக்காகக் கண்ணாடி இழையும் சேர்க்கிறார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இன்னொரு முதற்காரணம் என்று அவர் சமாளிக்கலாம்.

நியாயத் தத்துவ மரபைச் சேர்ந்த நையாயிகர் விடமாட்டார். காரியம் புதிதாகவே பிறக்கிறது என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் உண்டு: பாட்டில்மேல் யாரும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.