மலையடிவாரத்து அமைதி

மான்குர்த்தில் வாழும் உபாசகர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். டிராம்பே மலையடிவாரத்தில் அவர் மகனுக்கு வீடு கிடைத்திருக்கிறது. மரநிழலும் அகன்ற வீதியும் உள்ள இடம். இரவில் ஓசையே இல்லையாம். “ஐயா, நம்மவர் நெருக்கடியில் உழலும்போது நான் மட்டும் அங்குச் சென்று நிம்மதியாய் இருத்தல் தகுமா?” என்றார்.

தகாது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. மில்லில் இராவேலை முடித்து வந்து, சாலின் கூச்சலில் பகலுறக்கமின்றிப் பல்லாண்டு கழித்தவர் நாம். ஓசையற்ற ஓர் அறையை விரும்புதல் பேராசையன்று. துன்பத்தில் கிடப்பதே சீலம் என்பது பிறர் நமக்குக் கற்பித்த பொய்.

ஆயினும் அன்பர்களே, அவ்வமைதி யாரால் வந்தது என்று வினவுதல் வேண்டும். அப்பக்கத்தில் ஜனதா காலனி என்றோர் ஊர் இருந்தது. தமிழர் பலர் வாழ்ந்தனர். நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில், அணுசக்தித் துறைக்கு நிலம் வேண்டுமென்று அஃது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்பின் சதுப்பு நிலத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்து அக்காலனியில் குடியேறியவர். 2000-இல் மகசேசே விருது பெற்றார். மலையின் மறுபுறச் சரிவில், செம்பூர் பாரத் நகரில், 2021 ஜூலை 18 அன்று பெருமழையில் மண் சரிந்து மதில் வீழ்ந்தது. உறக்கத்திலிருந்தோர் 15 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களும் மலையடிவாரத்தில் வீடு கொண்டவர்களே.

மலைவாழ்வு நம் சங்கத்திற்குப் புதியதன்று. போரிவலியை அடுத்த கன்னேரியில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் குடைந்து பிக்குகள் வாழ்ந்தனர். மழைநீரைத் தேக்கப் பாறையிலேயே தொட்டிகள் வெட்டப்பட்டன. கல்யாண், சோபாரா முதலிய ஊரார் கொடையளித்த செய்தி சுவரில் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வெழுத்துக்களை நமக்குப் படிக்கத் தெரியாது; கற்றோர் சொல்லக் கேட்டதே. எனினும் அங்குச் செல்லும்போதெல்லாம் அவற்றின் முன் நெடுநேரம் நிற்கிறோம். இன்னார் பொருளால் இவ்விடம் உண்டாயிற்று என்று அங்கு வாழ்ந்தோர் நாள்தோறும் கண்டனர். பிக்கையேற்க ஊருக்குள் இறங்கியும் வந்தனர். இக்காலத்து மலைவீடுகளின் வாயிலில் வீட்டுக்காரர் பெயர் மட்டுமே எழுதப்பட்டுள்ளது.

“போகலாம், ஆனால் இதை மறவாமல் போங்கள்; கீழே உள்ளோர் வந்து போக வீடு திறந்திருக்கட்டும்” என்றோம்.

அவர் துணைவியார் குறுக்கிட்டார். “ஞாயிறு வந்தனைக்கு நம்மவர் நாற்பது பேர் வந்தால், வாயிற்காவலர் உள்ளே விடுவாரா?”

நம்மிடம் விடையில்லை. உபாசகர் அன்று மாலையே அதை விசாரிக்கச் சென்றார்.