காலநிலை வழக்கும் ஐயத்தின் இலக்கணமும்

2015ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்க நாட்டுச் செனட் சபையில் இரண்டு வாக்கெடுப்புக்கள் நிகழ்ந்தன. காலநிலை மாற்றம் உண்மை, புனைவன்று என்பது ஒன்று. அதனை 98 பேர் உடன்பட்டனர், மறுத்தவர் ஒருவரே. அம்மாற்றத்திற்கு மக்கட்செயல் பெரிதும் காரணமாகின்றது என்பது மற்றொன்று. அதனை உடன்பட்டார் 50 பேர், மறுத்தார் 49 பேர். நிறைவேறுதற்கு 60 வேண்டுமாகலின் அது தோற்றது. காரியத்தை ஒருமுகமாய் ஏற்ற சபை காரணத்தைச் சொல்லப் புகுந்தவுடன் இருகூறாயிற்று. அடுத்த திங்களில் அச்சபையினராகிய ஜேம்ஸ் இன்ஹோஃப் என்பார் பனியுருண்டை ஒன்றைக் கொணர்ந்து, புறத்தே எத்துணைக் குளிர் என்பதற்குச் சான்றாகக் காட்டி, அவை நடுவே எறிந்தார்.

இம்மாறுபாடு எத்தகையது என்பதே ஈண்டு யாம் ஆராய்வது. தறியோ மகனோ எனத் துணிவு பிறவாது நிற்றல் ஐயம் என்றும், பழுதையைப் பாம்பென்று கோடல் திரிபு என்றும் அளவை நூலார் கூறுவர். ஐயுற்றவன் அணுகிப் பார்ப்பான், பார்த்தபின் துணிவான். ஆதலின் ஐயம் குற்றமாயினும் அறிவுக்கு வாயிலாவதும் அதுவே. பனியுருண்டை காட்சியே; ஆயின் ஓரூரில் ஒருநாட் கண்ட காட்சி. உலகமுழுதும் பல்லாண்டு தழுவிய ஒன்றை அதனால் மறுத்தல், தன் வீட்டு அடுப்பு அவிந்திருத்தல் கண்டு ஊரில் எவரும் உலையேற்றிலர் என்பதனோடு ஒக்கும்.

காரணம் கருதலளவையாற் பெறப்படுவது. கரியமிலவாயு வெப்பத்தை ஏற்றுத் தடுக்கும் இயல்பினதென 1859இல் லண்டன் நகரில் ஜான் டிண்டால் சோதனையாற் காட்டினார். அது மிகுந்தால் பூமி எவ்வளவு வெப்பமுறும் எனச் சுவீடன் நாட்டு அரீனியஸ் 1896இற் கணித்தார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபொழுது அவ்வாயு காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காயிருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. அற்றேல், வெப்பத்திற்குச் சூரியனே காரணமாகலாகாதோ எனின், ஆகாது. என்னை? சூரியன் வெம்மை மிகுந்ததாயின் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் ஒருங்கே வெப்பமுறல் வேண்டும். கீழடுக்கு வெப்பமுற, மேலடுக்கோ குளிர்ந்து வருகின்றது. வெப்பம் கீழே தடுக்கப்படுதற்கு இயைந்த அடையாளம் இதுவே. மலையிற் புகை கண்டு தீயைத் துணிவார் இதனினும் மிக்க ஏது கேட்பதில்லை.

யாமும் ஒருகாலத்து இதிற் பிழைபட்டேம். இன்றொன்று கூறி நாளை மாற்றும் விஞ்ஞானிகள் உரையை எங்ஙனம் பற்றுவது என ஓர் அவையில் எள்ளிப் பேசினேம், கைதட்டலும் பெற்றேம். கூட்டம் முடிந்தபின் எம்மிடம் பாடங்கேட்கும் மாணாக்கர் ஒருவர், “ஐயா, அவர்கள் மாற்றியது எதனால் என்று கேட்டறிந்தீர்களா?” என்று பணிவுடன் வினாவினார். அறிந்திலேம்.

பின்னர்த் தேடியறிந்தது இது. ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், நிலத்திற் கண்ட அளவு வெப்பமேற்றம் துணைக்கோள் அளவுகளிற் காணப்படவில்லை என 1990 முதற் கூறிவந்தனர். இஃது உண்மையான தடை. எதிர்க்கட்சியார் பல்லாண்டு இதனோடு போராடினர். துணைக்கோள் அளக்கும் நேரம் நாளடைவில் மாறுதலைச் சரிசெய்யும் கணக்கிற் கூட்டலும் கழித்தலும் தலைமாறிய பிழை 2005இல் வேறிருவராற் காட்டப்பட்டது. முன்னவர் அதனை உடன்பட்டுத் தம் கணக்கைத் திருத்தினர். வெப்பமேற்றத்தின் அளவு பற்றி அவர் பின்னும் மாறுபட்டே நின்றனர், அது வேறு. காட்டிய பிழையை ஏற்றனர் என்பதே ஈண்டு வேண்டுவது. ஐயம் தன் இலக்கணம் வழுவாது நடந்தமைக்கு இதனினும் நல்ல சான்று யாம் கண்டிலேம். எம் புலவர் வாதங்களில் இங்ஙனம் திருத்திக்கொண்டார் எத்தனைபேர் என எண்ணி நாணினேம்.

வானை அளவாத எம்போல்வார்க்கு இஃது உரையளவையாய் வருவது. ஆகமத்தைக் கொள்ளுமாறுபோல் அவ்வுரையைக் கொள்ளல் வேண்டுமோ எனின், அன்று. விஞ்ஞானிகள் விருப்பு வெறுப்பு அற்றாரல்லர். ஆயினும் ஒருவர் வழுவை மற்றொருவர் வலிந்து தேடுங் கூட்டம் அது. அத்தேடலுக்குத் தப்பி எஞ்சியதே பொதுவுரையாகின்றது. மனிதச்செயலாற் காற்றும் கடலும் நிலமும் வெப்பமுற்றன என்பது ஐயத்துக்கு இடமற்றது என்று ஐக்கிய நாடுகள் சார்பிலமைந்த அறிஞர் குழு 2021இற் கூறியது அவ்வாறு எஞ்சியதொன்று.

இனி, மறுத்த 49 பேரும் அறியாதார் எனல் பொருந்தாது. காரணத்தை உடன்படின், நிலக்கரியும் எண்ணெயும் எரித்தலைக் குறைத்தல் வேண்டும் என்னும் கடமை உடன்வரும். அக்கடமைக்கு அஞ்சியே ஏதுவை மறுத்தார் பலர் எனக் கருதுகின்றேம். எவ்வளவு குறைப்பது, முதற்கண் குறைப்பவர் யார், வீட்டில் விளக்கில்லாத ஏழை நாட்டார்க்கும் அஃது ஒக்குமோ என்பன அளவு கருவிகள் தீர்ப்பன அல்ல. அவற்றில் நல்லோரும் மாறுபடுவர். வழக்காடுதற்குரிய இடம் அது. அங்கே ஆட வேண்டிய வழக்கை வெப்பமானியின்மேல் ஏற்றி ஆடுதலையே யாம் குற்றமென்கின்றேம்.

மாணாக்கர் வினாவுக்கு விடையாக இவற்றை அடுத்த கூட்டத்தில் எடுத்துரைத்து, முன்பேசியது பிழையென்றும் சொன்னேம். அன்று எவரும் கைதட்டவில்லை.