இறுகிய ஆணியும் வலியறிதலும்

வலிமை உடையவன் அதனை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்னும் வினா மிகப் பழமையானது. தமிழ் அறநூல்கள் இவ்வினாவை அரசனை முன்னிறுத்தி ஆராய்ந்தன. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. படை நடத்தும் வேந்தனுக்குக் கூறப்பட்டவை என்று மாணவர் அவற்றைப் படிக்கின்றனர். தேர்வு முடிந்ததும் வேந்தனோடு சேர்த்து மறந்தும் விடுகின்றனர். ஆயினும் படை நடத்தாத எளிய மனிதனுக்கும் அவ்வினா நாள்தோறும் எழுகின்றது. மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில், கையில் ஸ்பேனரைப் பிடித்து நிற்கும் தொழிலாளியின் முன் அது எழும் விதத்தை ஆராய்வது பயனுடையதாகும்.

கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் உள்ளது கரங்கான். ரப்பர்த் தோட்டங்களால் வளர்ந்த வட்டாரம் அது. பால்மரங்கள் நின்ற நிலங்கள் பல பின்னாளில் செம்பனைக்கு மாறின. 1996-இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பின்னர்த் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளை நாடிச் செல்லலாயினர். தொழில் மாறினும் அவ்வுழைப்பாளரைச் சுமக்கும் ஊர்தி மாறவில்லை. மலேசிய மக்கள் ‘கப்சாய்’ என்று அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளே அது. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-இல் வெளியிட்ட ‘கப்’ வண்டியின் வழிவந்த இவ்வூர்தி, பால் வாளியையும் உர மூட்டையையும் பள்ளிப் பிள்ளையையும் சலிக்காமல் சுமக்கின்றது. மழை, சேறு, பால் உறைவதற்கு ஊற்றும் ஃபார்மிக் அமிலத்தின் துளிகள், செம்பனைக்கு இடும் உப்பு உரத்தின் தூள் ஆகிய யாவும் அதன் இரும்பைத் தின்கின்றன. பல ஆண்டுகள் கவனிப்பாரின்றி ஓடிய வண்டியின் எஞ்சினைத் திறக்க முற்படும் பட்டறைக்காரர், பழுதைக் காண்பதற்கு முன்னரே ஓர் எதிரியைச் சந்திக்கின்றார். கழல மறுக்கும் ஆணியே அவ்வெதிரி.

ஆணி ஏன் இறுகுகின்றது? போல்ட்டு எனப்படும் திருகாணியின் மரைக்கும் அது புகுந்திருக்கும் துளையின் மரைக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி உண்டு. அதனுள் நீர் புகுகின்றது. இரும்பு துருவாகும்போது முன்பு பிடித்த இடத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கின்றது. அத்துரு மரையினுள் ஆப்பு அடித்ததுபோல் நிறைந்துவிடுகின்றது. எஃகு ஆணி அலுமினிய உடலில் பதிந்திருந்தாலோ, ஈரம் பட்ட இடத்தில் இவ்விரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நிகழ்ந்து, அலுமினியம் வெண்பொடியாகி ஆணியைக் கவ்விக்கொள்கின்றது. இவற்றோடு எஞ்சின் நாள்தோறும் சூடாகி ஆறுகின்றது. புகைக்குழாயைச் சிலிண்டர் தலையோடு பிணைக்கும் சிற்றாணிகள் இத்துன்பங்கள் அனைத்தையும் ஒருங்கே தாங்குகின்றன. எனவே ஆணி அடம் பிடிக்கின்றது என்று சினங்கொள்வது பொருளற்றது. காலமும் நீரும் வெப்பமும் மனிதரின் அசட்டையும் சேர்ந்து அதனை அந்நிலைக்கு ஆளாக்கின. இதனை அறிவதே தெரிந்து செயலாற்றுவதன் முதற்படி.

அடுத்தது வலியறிதல். செயலுக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும், செய்பவனிடம் எவ்வளவு உண்டு, எதிரில் நிற்பது எவ்வளவு தாங்கும், துணைக்கு வருவது யாது என நான்கையும் சீர்தூக்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. பட்டறையில் இக்கணக்கு வியப்பூட்டும் அளவுக்கு நுண்மையானது. ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆணியை முடுக்குவதற்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் திருகுவிசை போதும். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 7 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு அது சமம். வளர்ந்த ஆடவனின் கை அதைவிடப் பன்மடங்கு தர வல்லது. இறுகிய சிற்றாணியோடு போரிடும்போது மனிதனின் வலிமை குறைவதில்லை. அது மிகுந்து நிற்பதுதான் இடர்.

தேர்ந்த கை இதனை அறியும். கழலப் போகும் ஆணியும் முறியப் போகும் ஆணியும் முதலில் ஒன்றுபோலவே சற்று இடங்கொடுக்கின்றன. கழலும் ஆணி சிறு கீச்சொலியோடு விடுபடும். முறியும் ஆணியோ ஓசையின்றி மெழுகுபோல் நெகியும். அந்நெகிழ்ச்சியை வெற்றி என்று மயங்கி மேலும் அழுத்துபவன் மறுகணம் தலையற்ற ஆணியை எஞ்சினில் விட்டுவிட்டுத் தலையை மட்டும் கையில் ஏந்தி நிற்பான். உணர்ந்து நிறுத்துபவன் தப்பிக்கின்றான். ஆக, வலிமையோடு கூடவே பயணம் செய்ய வேண்டியது எதிர்ப்பை உணரும் திறன் என்பது தெளிவு.

இங்கே ஒரு பொதுவான தவற்றைக் காணலாம். ஆணி அசையாதபோது ஸ்பேனரின் பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி நெம்புகின்றனர். நீளம் மும்மடங்கானால் விசையும் மும்மடங்காகின்றது. கை உணரும் எதிர்ப்போ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. குழாயின் நுனியில் நிற்பவனுக்கு எல்லாம் எளிதாகத் தோன்றுகின்றது. அவ்வெளிமையில்தான் ஆணி முறிகின்றது. அதிகாரம், பதவி, செல்வம், ஆயுதம் ஆகிய யாவும் இத்தகைய நீண்ட குழாய்களே அன்றோ? அவை மனிதனின் ஆற்றலைப் பெருக்குகின்றன. பிறர் படும் வேதனையை அவன் கைக்கு எட்டாமல் தொலைவில் நிறுத்துகின்றன. வலிமை தன்னளவில் தீமை அன்று. எதிர்ப்பின் அளவை உணர முடியாத தொலைவில் நின்று செலுத்தப்படும் வலிமையே தீமைக்கு வழிகோலுகின்றது.

நல்ல பட்டறைக்காரர் கையாளும் வழிகள் இக்கருத்தை விளக்குகின்றன. துருவினுள் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிடுகின்றார்; இது காலமறிதல். ஆணியின் தலையில் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டித் துருவின் பிடியை உடைக்கின்றார். ஆணியைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குகின்றார். ஒரே வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளர்கின்றது. எங்கே சூடாக்குவது, பெட்ரோல் கலம் அருகில் உள்ளதா எனப் பார்ப்பது இடனறிதல். எல்லாவற்றினும் வியப்பானது மற்றொன்று. கழற்ற வேண்டிய ஆணியை அவர் முதலில் சிறிதளவு முடுக்குகின்றார். எதிர்த்திசையில் ஓர் அணு நகர்ந்தாலும் துருவின் கட்டு விள்ளுகின்றது. அதன்பின் முன்னும் பின்னுமாகச் சிறுகச் சிறுகத் திருப்பி வெளிக்கொணர்கின்றார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி பேரடியைப் போற்றவில்லை. இடைவிடாத சிற்றடிகளையே போற்றுகின்றது.

சிற்றடிகளின் ஆற்றலுக்குத் தோட்டப்புற வரலாற்றிலேயே சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நடுத்தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்திய பங்குப்பணம் திரண்டது. அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் ஆகும். தனியொருவனால் அசைக்க இயலாததைப் பலருடைய சிறிய, தொடர்ந்த முயற்சி அசைத்தது.

அங்ஙனமாயின் பொறுமை எக்காலத்தும் அறமாகுமா? அவ்வாறு கூறுவது எளிது; உண்மை அத்துணை எளிதன்று. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குச் செல்ல வேண்டிய தொழிலாளியின் வண்டி பட்டறையில் கிடக்கின்றது. எண்ணெய் ஊறும் ஒவ்வோர் இரவும் அவனுக்கு ஒரு நாட்கூலி இழப்பு. பட்டறைக்காரர் காட்டும் பொறுமையின் விலையைக் கொடுப்பவன் அவனே. ‘ஊறட்டும், ஊறட்டும்’ என்று ஒரு கிழமையைப் போக்குபவர் சோம்பலுக்குப் பொறுமை என்று பெயர் சூட்டுகின்றார். தன் செலவில் பொறுப்பது பண்பு. பிறன் செலவில் பொறுப்பதற்கு அவனுடைய இசைவு வேண்டும்.

வன்மையே தக்க வழியாகும் தருணங்களும் உள்ளன. 2009 மே 17-ஆம் நாள், புவிக்கு மேலே 500 கிலோமீட்டருக்கும் அப்பால், விண்வெளி வீரர் மைக் மாசிமினோ ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். 2004-இல் செயலிழந்த ஒரு கருவியைச் சீராக்க 111 திருகாணிகளைக் கழற்ற வேண்டும். அவற்றை அணுகுவதற்கு முன் ஒரு கைப்பிடியை அகற்ற வேண்டும். கைப்பிடியின் ஓர் ஆணி தேய்ந்து கருவிக்குப் பிடி கொடுக்கவில்லை. இறுதியில் அவர் கைப்பிடியைக் கையால் இழுத்தே முறித்தெடுத்தார். அவசரத்தில் செய்த செயலன்று அது. தரையில் இருந்த பொறியியலாளர் அதே போன்ற கைப்பிடியில் சோதித்து, ஏறத்தாழ 60 பவுண்டு விசை வேண்டும் என்று கண்டறிந்தனர். துண்டுகள் சிதறாதிருக்க அவர் முன்னதாகவே நாடாவை ஒட்டினார். அதன் பின்னரே இழுத்தார். மென்மையான வழிகள் தீர்ந்திருந்தன, விசை அளக்கப்பட்டிருந்தது, சிதறலுக்குத் தடுப்பு இருந்தது. இம்மூன்றும் கூடிய இடத்தில் வன்மையும் அறிவின் செயலாகின்றது.

எவ்வளவு கவனமாக இருப்பினும் சில ஆணிகள் முறிந்தே தீரும். முறிந்தபின் வரும் சோதனை இன்னும் கடுமையானது. எஞ்சிய துண்டின் நடுவே துளையிட்டு, எதிர்மரை கொண்ட கருவியைச் செலுத்தித் திருகி எடுப்பது ஒரு முறை. அக்கருவி மிகக் கடினமான எஃகால் ஆனது. ஆதலால் வளையாமல் பொட்டென ஒடியும் இயல்புடையது. பதற்றத்தில் அழுத்தினால் அது துளையினுள்ளேயே ஒடிந்துவிடும். பிறகு சாதாரணத் துளையூசி அதனைத் தீண்டவும் இயலாது. முதல் வன்மையின் விளைவை மறைக்க இரண்டாம் வன்மையை ஏவுபவன் முன்னிலும் ஆழமான குழியில் விழுகின்றான். முறிந்த கணத்தில் கையை எடுத்துவிட்டுச் சிந்திக்கத் தெரிந்தவனே மீள்கின்றான்.

இதனினும் பெரிய சோதனை நேர்மையைப் பற்றியது. துளையினுள் முறிந்த துண்டை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் ஆணித்தலை ஒன்றைப் பசையால் ஒட்டி வண்டியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. எஞ்சிய ஆணிகள் சுமையைச் சில காலம் தாங்கும். எண்ணெய் கசிந்து எஞ்சின் இறுகி வண்டி வழியில் நிற்கும் நாளில், அதற்கு யார் காரணம் என்று எவரும் கண்டறியப் போவதில்லை. ஆணியை முறித்தது குற்றமன்று. தொழிலில் அது நிகழும். ‘முறிந்துவிட்டது, சரி செய்ய இன்னும் ஒரு நாள் வேண்டும்’ என்னும் ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதே குற்றம். அச்சொல்லைச் சொல்பவருக்கு வழியும் பிறக்கின்றது. துண்டைத் துளைத்து எடுத்து, புதிய மரை வெட்டி, எஃகுச் சுருளைப் பதித்துவிட்டால் அலுமினியத்தின் பழைய மரையைவிட அது உறுதியாக நிற்பதும் உண்டு.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். பேச மறுக்கும் மாணவனும், எழுத்துக் கூட்ட முடியாமல் இறுகிப்போன சிறுமியும் எல்லாப் பள்ளிகளிலும் உள்ளனர். பிரம்பு நீண்ட குழாய் போன்றது. அதை ஓங்கியவனின் கைக்கு அச்சிறு நெஞ்சின் நெகிழ்ச்சி எட்டுவதில்லை. மாணவன் அடங்கிவிட்டான் என்று ஆசிரியர் மகிழும் நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று முறிந்திருக்கக் கூடும். அவ்விறுக்கத்திற்கு வீட்டு வறுமை காரணமா, பழைய அவமானம் காரணமா என்று தெரிந்துகொண்டு, தெரிந்த பாடத்திற்கே ஓர் அடி பின்சென்று தொடங்குபவர், கழற்றும் முன் சற்று முடுக்கும் பட்டறைக்காரரின் நுட்பத்தை அறிந்தவராவார். அதே வேளையில் ‘தானாகத் திருந்தட்டும்’ என்று ஆண்டு முழுவதும் காத்திருப்பவர் அம்மாணவனின் காலத்தைத் தம் பொறுமைக்கு விலையாகச் செலவிடுகின்றார் என்பதையும் மறத்தலாகாது.

பழுது நீங்கி எஞ்சினை மூடும் வேளையில் நல்ல பட்டறைக்காரர் இன்னொரு செயலையும் செய்கின்றார். புதிய ஆணியின் மரையில், இறுகாமல் காக்கும் பசையைச் சிறிது தடவி, உரிய அளவே முடுக்குகின்றார். அதனால் அவருக்கு உடனடிப் பயன் ஏதும் இல்லை. மேலாகப் பார்ப்பவர் எவரும் அப்பசையைக் காணவும் முடியாது. சில ஆண்டுகள் கழித்து அந்த எஞ்சினை வேறோர் ஊரில், வேறொருவர் திறப்பார். அவர் கையில் அவ்வாணி எளிதாகக் கழலும். அது யாருடைய கருணை என்று அவர் அறியமாட்டார். முகந்தெரியாத பின்னவனுக்காக இன்று ஒரு துளி பசையைச் செலவிடும் அந்த உள்ளத்தை, வலியறிந்தவனின் முழுமை எனக் கொள்வது தகும்.