நகரின் எல்லையும் நம் கடமையும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் நோன்புகளுள் திசைவிரதம் ஒன்று. இத்திசையில் இவ்வளவு தொலைவே செல்வேன் எனத் தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொள்வது அது. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்குத் தன்னால் தீங்கு நேராதிருத்தலே அதன் பயன். தனிமனிதனுக்கு உரைத்த இவ்வறம் ஒரு நகருக்கும் பொருந்துமா?

சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022ஆம் ஆண்டில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அத்தனை நிலமும் கட்டடமாகிவிடும் என்பதன்று. ஆயினும் வரம்பின்றிப் பரவும் நகர் ஏரியையும் வயலையும் விழுங்கவே செய்யும். ஆதலின் வீடு, தொழில், கடை, பள்ளி யாவும் அருகருகே அமைந்த செறிவான நகரே நன்று என்பர் நகரமைப்பு வல்லுநர். நிலமும் மிஞ்சும், எரிபொருளும் மிஞ்சும்.

இச்செறிவு வடசென்னைக்குப் புதிதன்று. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் புறப்பட்ட இராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டியே உழைப்பாளர் குடியிருப்புகள் பெருகின. திருவொற்றியூரில் ஆலைகளுக்கு அருகிலும், எண்ணூரில் கடலுக்கு அருகிலும் மக்கள் வாழ்ந்து வருகின்றனர். 2021இல் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. இனி அவ்வழியில் மேலும் பல குடும்பங்கள் வந்து சேரக்கூடும்.

அறம் பற்றிய வினா இங்கேதான் எழுகின்றது. செறிவு, தொழிலோடு தீங்கையும் அருகில் கொணர்கின்றது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கசடு எண்ணெய் கொசஸ்தலையாற்றில் படர்ந்து மீனவரின் வலைகளையும் படகுகளையும் கறைப்படுத்தியது. அம்மாதம் 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். எண்ணூர் அனல்மின் நிலையங்கள் தந்த ஒளி பலருக்கு. சாம்பலோ அங்குள்ள கழிமுகத்துக்கு.

மக்களை வேறிடத்தில் குடியேற்றினால் என்ன எனச் சிலர் வினவலாம். கடலை விட்டுத் தொலைவில் குடியேறிய மீனவனுக்குத் தொழில் ஏது? தீங்கினை அகற்றாது, தீங்குற்றவரை அகற்றுதல் அறமாகாது.

நோன்பின் எல்லை தன்மேல் தானே விதித்துக்கொள்வது, பிறர்மேல் சுமத்துவதன்று. ஆகவே, வடசென்னையில் செறிவை வளர்க்குமுன் ஆலைகளின் புகைக்கும் கழிவுக்கும் உறுதியான எல்லை வகுத்தல் வேண்டும். தம் இல்லத்தில் விளக்கேற்றும் ஒவ்வொருவரும், அதன் சாம்பல் யார் வாயிலில் விழுகின்றது என எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.