குறைவு யாருடைய கணக்கு?

ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் எந்த ஆசிரியருக்கும் ‘லிட்டில்’ என்னும் சொல் ஒரு சோதனை. ‘சிறிய’ என்ற பொருளில் வந்தால் தொல்லையில்லை. அளவைக் குறிக்க வரும்போதுதான் இடர். வெறும் ‘லிட்டில்’ என்றால், இல்லையென்று சொல்லத்தக்க அளவு குறைவு. முன்னே ‘எ’ என்னும் ஓரெழுத்துச் சேர்ந்து ‘எ லிட்டில்’ ஆனால், கொஞ்சம் உண்டு. ‘தி லிட்டில்’ என்றால், இருப்பது கொஞ்சமே, ஆயினும் அது முழுவதும். எண்ணக்கூடிய பொருள்களுக்கு வரும் ‘ஃபியூ’ என்ற சொல்லும் இந்த மூன்று நிலைகளிலும் நிற்கும். ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கண நூலைப் படித்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

1983ஆம் ஆண்டு, ஊர்ப்புறப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். பானையில் சோறு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ஒரு வாக்கியம். கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். விடைக்குறிப்பில் ‘லிட்டில்’ என்றிருந்தது. ஒரு மாணவி ‘எ லிட்டில்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். தாளைப் பெற்றுக்கொண்ட அவள், “சோறு இருக்கிறதே, டீச்சர்?” என்று கேட்டாள். “குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது, உட்கார்” என்றேன். கூலி வேலைக்குச் செல்லும் தாயைத் தவிர வேறு துணையில்லாத பெண் அவள். பானையின் அடியில் கிடக்கும் சோற்றுக்கு என்ன பெயர் என்பதை என்னைவிட அவள் நன்கு அறிவாள்.

இலக்கணப்படியும் அவள் எழுதியது பிழையன்று. இரண்டு தொடர்களிலும் சோற்றின் அளவு ஒன்றே. மாறுவது, சொல்பவர் எதை எதிர்பார்த்துப் பானைக்குள் பார்த்தார் என்பது மட்டுமே. ஒரு நோக்கில் ‘உண்டு’, மற்றொரு நோக்கில் ‘இல்லை’. இதைத்தானே நம் பெரியோர் அநேகாந்தம் என்றும், ஸ்யாத்வாதம் என்றும் விரித்துரைத்தார்கள்? அந்த மரபில் பிறந்தவள், ஒரு நயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டேன். விடைக்குறிப்பு ஏகாந்தவாதியாக இருக்கலாம், ஆசிரியை இருக்கலாமா?

இன்மையைக் குறிக்கும் பிற ஆங்கிலச் சொற்களின் வரலாற்றிலும் நாம் சிந்திக்கத்தக்க செய்திகள் உள்ளன. ‘வான்ட்’ என்ற சொல்லுக்கு ‘விரும்பு’ என்று இன்று குழந்தைகூடப் பொருள் சொல்லும். அது ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தபோது அதன் பொருள் ‘குறைவுபடுதல்’ என்பதே. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்திலும் அந்தப் பொருளில்தான் நிற்கிறது. தமிழில் பெயர்த்தவர்களும் ‘தாழ்ச்சி’ என்றே கொண்டனர். ‘விரும்பு’ என்ற பொருள் ஏறியது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இல்லாததைச் சொல்லிவந்த சொல், மெல்ல மெல்ல, ஆசைப்படுவதைச் சொல்லும் சொல்லாயிற்று. ஆங்கிலேயரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நம் ‘வேண்டும்’ என்பதும் தேவையையும் விருப்பத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பண்டிகை நாளில் துணிக்கடையில் நிற்கும்போது அவ்விரண்டில் எதைச் சொல்கிறோம் என்று நமக்கே தெரிவதில்லை.

இனி ‘லெஸ்’ என்னும் விகுதி. தீங்கற்ற என்பதற்கு ‘ஹார்ம்லெஸ்’, அச்சமற்ற என்பதற்கு ‘ஃபியர்லெஸ்’ என்கிறார்கள். ‘குறைவான’ என்ற பொருள் தரும் ‘லெஸ்’ வேறு, இந்த விகுதி வேறு. ஒலி ஒன்றானாலும் பிறப்பு ஒன்றன்று. விகுதியின் பழம்பொருள் ‘விடுபட்ட’ என்பது. ‘தளர்ந்த’ என்று பொருள்படும் ‘லூஸ்’ என்ற சொல்லுக்கு அது உறவு. இதை அறிந்த அன்று எனக்கு ‘நிர்க்கிரந்தர்’ என்ற நம் பழம்பெயர் நினைவுக்கு வந்தது. முடிச்சு அற்றவர், கட்டு அவிழ்ந்தவர். பாலி நூல்களிலும் மணிமேகலையிலும் ‘நிகண்ட’ என்று திரிந்து வழங்குவது இப்பெயரே. இல்லாமை இங்கே குறையன்று, விடுதலை.

ஆனால் இந்த இடத்தில் நாம் வழுக்கி விழக்கூடாது. துறவியை ‘அநகாரர்’ என்கின்றன நம் நூல்கள். வீடற்றவர் என்று பொருள். ‘ஹோம்லெஸ்’ என்பதும் அதுவே. மழையில் நடைபாதையில் சாக்கை விரித்துப் படுத்திருப்பவனும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவான். முனிவர் வீட்டை விட்டார். இவனுக்கு விடுவதற்கே வீடில்லை. வயிறு நிறைய உண்ணாமல் சில கவளங்களைக் குறைத்துக்கொள்வது அவமௌதரியம் என்னும் புறத்தவம். ஆடவர்க்கு முப்பத்திரண்டு, பெண்டிர்க்கு இருபத்தெட்டு என்று நிறைகவளக் கணக்கும் உண்டு. அந்தக் கணக்கைத் தொடங்கவே நிறைந்த தட்டு ஒன்று முன்னே இருக்க வேண்டும். பட்டினி கிடப்பவனைப் பார்த்துத் ‘தவம் செய்கிறாய்’ என்பது பாவம்.

பணி ஓய்வு பெற்றபின் பரிக்கிரக பரிமாண விரதம் ஏற்றேன். புடவை இத்தனை போதும் என வரையறுக்கப் பீரோவைத் திறந்து எண்ணியதில் அரை நாள் சென்றது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் பொருளைவிடப் பொருள்மேல் உள்ள மயக்கத்தையே பரிக்கிரகம் என்கிறது. எண்ணும்போது அந்த மயக்கம் என் கையிலேயே தட்டுப்பட்டது. கிழிந்த ஒன்றைக்கூட ஒதுக்க மனம் வரவில்லை. அந்த மாணவியின் தாய்க்கு எண்ணுவதற்கு எத்தனை இருந்திருக்கும்? அவரிடம் போய் மிகுபொருள் விரும்பாமை பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி?

தன் பானையைப் பார்த்து ‘எ லிட்டில்’ என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருந்தது. நான் அவள் பானையைப் பார்த்திருந்தால் ‘லிட்டில்’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கவும் கூடாது. நான் பார்த்ததோ விடைக்குறிப்பை மட்டும்.

அவளுக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். அந்த விடைக்குரிய மதிப்பெண் ஒன்று. நான் அதைக் கொடுக்கவில்லை.